டேலி சிட்டி கோயில்களைப் பிலிப்பினோக்கள் நிரப்பியது எப்படி?

சான் பிரான்சிஸ்கோவை ஒட்டித் தெற்கே இருக்கும் டேலி சிட்டிக்குப் புதிதாகக் குடிவந்திருக்கும் நண்பர் ஒருவர் கேட்டது இது: “ஞாயிறு பூசைக்குப் பத்து நிமிஷம் தாமதமானால் நிற்கத்தான் இடம். எங்கு பார்த்தாலும் பிலிப்பினோக்கள். இத்தனை பேர் ஒரே ஊரில் எப்படிச் சேர்ந்தார்கள்? யாராவது பிரசாரம் பண்ணிச் சேர்த்தார்களா? எங்கள் தமிழ்ப் பூசைக்கு நாற்பது பேரைக் கூட்டுவதற்குள் எனக்கு நாக்குத் தள்ளிவிடுகிறது.”

பிரசாரம் பண்ணி யாரும் சேர்க்கவில்லை. டேலி சிட்டிக் கத்தோலிக்கக் கோயில்களை நிரப்பியவை இரண்டு காகிதங்கள். ஒன்று நர்ஸ் லைசென்ஸ். இன்னொன்று, அம்மா அப்பாவையும் கூடப்பிறந்தவர்களையும் வரவழைக்கப் போடுகிற விசா மனு. வந்து சேர்ந்தவர்கள் கோயிலை விட்டுப் போகாமல் இருந்ததற்குக் காரணம் வேறு. அது பங்கு மன்றத்தின், அதாவது கோயிலை ஒட்டிய சமூகக்கூடத்தின், அடுக்களையில் இருக்கிறது, அப்புறம் சொல்கிறேன்.

முதலில் ஊர். 1906 பூகம்பத்தில் சான் பிரான்சிஸ்கோ இடிந்து எரிந்தபோது வீடிழந்தவர்கள் பலர் தெற்கே ஜான் டேலி என்பவரின் பால்பண்ணை நிலத்துக்கு ஓடிவந்தார்கள். 1911இல் அந்தப் பகுதி அவர் பெயரிலேயே நகரமானது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் ஹென்றி டோல்கர் என்ற கட்டுமானக்காரர் மணல்மேட்டிலும் காய்கறித் தோட்டத்திலும் வெஸ்ட்லேக் என்ற குடியிருப்பை எழுப்பினார். வரிசை வரிசையாக ஒரே அச்சில் வார்த்த வீடுகள், கீழே கார் ஷெட், மேலே குடித்தனம். வெள்ளையர் அல்லாதவர்களுக்கு விற்கக் கூடாது என்ற நிபந்தனையும் அந்த வீடுகளின் பத்திரத்தில் இருந்தது. அன்றைய பங்குகளில், அதாவது கோயில் வட்டாரங்களில், ஐரிஷ், இத்தாலியக் குடும்பங்கள்தான் பெருங்கூட்டம். இன்று ஊரில் மூன்றில் ஒருவர் பிலிப்பினோ வம்சாவளி. 2020 கணக்கெடுப்பில் மொத்த மக்கள்தொகை 1,04,901. டேலி சிட்டியில் ஏன் எப்போதும் மூடுபனி என்று பிலிப்பினோக்களைக் கேட்டுப் பாருங்கள். எல்லார் வீட்டு ரைஸ் குக்கரும் ஒரே நேரத்தில் ஆவி விடுகிறது என்பார்கள். பழைய ஜோக்தான், ஆனால் இன்னும் சிரித்துக்கொண்டேதான் சொல்கிறார்கள்.

பிலிப்பினோக்கள் கலிபோர்னியாவுக்கு வந்தது 1965க்குப் பிறகு என்று நினைத்துவிட வேண்டாம். 1898இல் ஸ்பெயினிடமிருந்து பிலிப்பைன்ஸ் அமெரிக்காவின் கைக்குப் போனது. அந்தத் தொடர்பில் 1920களிலேயே ஆயிரக்கணக்கில் வந்து அஸ்பாரகஸும் லெட்டூஸும் அறுவடை செய்தார்கள், ஓட்டல்களில் தட்டுக் கழுவினார்கள். அவர்கள் அநேகமாக எல்லாருமே கல்யாணமாகாத ஆண்கள். 1933இலிருந்து வெள்ளைக்காரப் பெண்ணைக் கட்டிக்கொள்வதும் கலிபோர்னியாவில் அவர்களுக்குச் சட்ட விரோதம். 1934இல் வந்த சட்டம், ஆண்டுக்கு 50 பேர் மட்டும் வரலாம் என்று கதவைக் கிட்டத்தட்ட மூடியது. 1946இல் அது 100 ஆனது, குடியுரிமை பெறும் வழியும் திறந்தது.

அந்தத் தலைமுறையும் ஞானஸ்நானம் வாங்கிய கத்தோலிக்கர்கள்தான். ஆனால் அவர்கள் பெயரில் பெரிய பங்கு எதுவும் உருவாகவில்லை. ஒரு பங்கு எதனால் பிழைக்கிறது என்று யோசித்தால் காரணம் விளங்கும். குழந்தைக்கு ஞானஸ்நானம், பத்து வயதுக்குள் புதுநன்மை, அப்புறம் உறுதிபூசுதல், கல்யாணம், கடைசியில் அடக்கம். வீட்டில் பெண்ணும் பிள்ளையும் இல்லை என்றால் இந்தப் பட்டியலில் அடக்கம் ஒன்றுதான் மிஞ்சும். சான் பிரான்சிஸ்கோ கியர்னி தெருவில் இன்டர்நேஷனல் ஓட்டல் என்று ஒரு விடுதி இருந்தது. அங்கே தங்கியிருந்த முதியவர்களை 1977 ஆகஸ்டில் நள்ளிரவில் போலீஸ் வெளியேற்றியது. அவர்களில் பலர் இந்தத் தலைமுறைக்காரர்கள், துணையில்லாமலே கிழவர்களானவர்கள். இளையவர்கள் அவர்களை மரியாதையாக ‘மனோங்’ என்பார்கள், நாம் அண்ணே என்கிற மாதிரி.

1965 குடியேற்றச் சட்டம் இதைத் தலைகீழாக்கியது. நூறு பேர் என்றிருந்த இடத்தில் ஒரு நாட்டுக்கு ஆண்டுக்கு 20,000 பேர் என்றானது. அதிலும் தொழில் தகுதி உள்ளவர்களுக்கும் குடும்ப உறவு உள்ளவர்களுக்கும் முன்னுரிமை. பிலிப்பைன்ஸில் நர்ஸ் படிப்பு அமெரிக்க ஆட்சிக் காலத்திலேயே ஆங்கிலத்தில், அமெரிக்கப் பாடமுறையில் தொடங்கியது. 1948இல் ஆரம்பித்த பரிமாற்றத் திட்டத்தில் இரண்டு வருஷம் வேலை பார்த்துத் திரும்பியவர்கள் வழியாக இங்குள்ள ஆஸ்பத்திரிகளுக்கும் அவர்கள் பழகிப்போனார்கள். 1972 செப்டம்பரில் பிலிப்பைன்ஸ் அதிபர் மார்கோஸ் ராணுவச் சட்டம் கொண்டுவந்ததும், கிளம்பலாமா வேண்டாமா என்று தயங்கியவர்களும் பெட்டி கட்டினார்கள். ஆஸ்பத்திரிகளுக்கோ இரவு ஷிப்டுக்கு ஆள் வேண்டியிருந்தது.

இந்தக் காகிதக் கணக்கைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும், சபை வளர்ந்த விதமே இதில்தான் இருக்கிறது. 1970இல் ஒரு நர்ஸ் வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். ஐந்து வருஷத்தில் குடியுரிமைக்கு விண்ணப்பிக்கலாம். கிடைத்ததும் அம்மா, அப்பாவுக்கு மனுப் போடுகிறார். குடிமக்களின் பெற்றோருக்கு எண்ணிக்கை வரம்பு கிடையாது, சீக்கிரம் வந்துவிடுவார்கள். அண்ணன், தங்கைக்குப் போட்ட மனுவோ வரிசையில் நிற்கும். பிலிப்பைன்ஸுக்கு அந்த வரிசை ஏறக்குறைய இருபது ஆண்டு நீள்கிறது. மனுப் போட்டபோது கல்லூரியில் படித்த தம்பி, விசா வரும்போது நரைத்த தலையோடு மனைவி மக்களைக் கூட்டிக்கொண்டு இறங்குவார்.

இதனால் பங்குக்கு என்ன ஆனது? முதலில் வந்தது சம்பாதிக்கும் மகள். ஷிப்டு வேலை, அதனால் ஞாயிறு பூசைக்கு மட்டும் ஓடிவருவார். இரண்டாவதாக வந்தவர்கள் பாட்டிகளும் தாத்தாக்களும். பகலெல்லாம் பேரப்பிள்ளையைப் பார்த்துக்கொள்ள வந்தவர்கள். அவர்களுக்குக் கார் ஓட்டத் தெரியாது, டிவியில் பேசுவது பிடிபடாது, நடந்து போகிற தூரத்தில் இருக்கும் தெரிந்த இடம் கோயில் ஒன்றுதான். வார நாள் காலைப் பூசைக்கு நிரந்தரக் கூட்டம் இவர்களால் உண்டானது. ஜெபமாலை சொல்லிக்கொடுப்பது, பீடத்துக்குப் பூ வைப்பது, நவநாள் நடத்துவது எல்லாம் இவர்கள் கைக்குப் போனது. ஒரு சபையை யார் ஆரம்பித்தார்கள் என்று கேட்டால் சாமியார் பெயரைத்தான் சொல்வார்கள். என்னைக் கேட்டால், பேரனை ஸ்ட்ரோலரில் வைத்துத் தள்ளிக்கொண்டு எட்டு மணிப் பூசைக்குப் போன பாட்டியைத்தான் சொல்வேன். மூன்றாவது அலை, இருபது வருஷம் கழித்துக் குடும்பத்தோடு வந்த தம்பிகள். அவர்கள் இறங்கும்போது பாடகர் குழு, பீடச் சிறுவர்கள், மறைக்கல்வி வகுப்பு எல்லாம் தயாராக இருந்தன.

ஏன் டேலி சிட்டி? சான் பிரான்சிஸ்கோவில் வாடகை ஏறிக்கொண்டே போனது. 1960களின் வீட்டுவசதிச் சட்டங்களுக்குப் பிறகு நிறத்தைப் பார்த்து விற்க மறுப்பது சட்ட விரோதமாயிற்று. ஐரிஷ், இத்தாலியப் பிள்ளைகள் இன்னும் தெற்கே பெரிய வீடுகளுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார்கள். 1973இல் பார்ட் ரயில் டேலி சிட்டி வரை வந்தது. சீட்டன் ஆஸ்பத்திரி ஊருக்குள்ளேயே, விமான நிலையம் பக்கத்தில். டோல்கர் கட்டிய அந்தக் கார் ஷெட் இருக்கிறதே, அதைத் தடுத்து ஓர் அறையும் குளியலறையும் போட்டால் பெற்றோருக்கு இடம் ஆயிற்று. மேல் மாடியில் மூன்று சம்பளம், கீழே இரண்டு பாட்டிகள், வீட்டுக்கடன் பிரச்சினையில்லாமல் அடையும்.

இங்கே கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. அமெரிக்காவுக்கு முன்னால் வந்த போலந்துக்காரர்களும் இத்தாலியர்களும் தங்கள் மொழிக்கென்று தனிப் பங்கு கேட்டு வாங்கிக் கோயில் கட்டினார்கள். பிலிப்பினோக்கள் அப்படிச் செய்யவில்லை. செய்யத் தேவையிருக்கவில்லை. எல்லாருக்கும் ஆங்கிலம் தெரியும். ஊரில் ஒருவர் வீட்டில் இலோகானோ, ஒருவர் வீட்டில் செபுவானோ, இன்னொருவர் வீட்டில் கப்பம்பாங்கான் என்று ஆளுக்கொரு மொழி. எனவே நேரே அந்தந்தத் தெருவுக்குரிய பங்குக்குப் போய் ஆங்கிலப் பூசையில் உட்கார்ந்தார்கள். சதா சகாய மாதா, இரக்க மாதா, அந்திரேயா பெயர்களில் உள்ள டேலி சிட்டிப் பங்குகள் எல்லாமே அப்படித்தான் நிறைந்தன. தனிக் கோயில் இல்லாததால் வெளியிலிருந்து பார்ப்பவர் கண்ணுக்கு இந்த வளர்ச்சி ரொம்ப நாள் படவே இல்லை. கட்டடம் அதேதான், பெயர்ப்பலகை அதேதான், பூசை மொழியும் அதேதான். பெஞ்சில் இருந்த முகங்கள்தான் வரிசை வரிசையாக மாறிக்கொண்டிருந்தன.

சதா சகாய மாதா என்றதும் உங்களுக்குப் புதன்கிழமை நவநாள் நினைவுக்கு வந்திருக்கும். அவர்களுக்கும் அதே புதன்கிழமைதான். மணிலா பக்கத்தில் பக்லாரன் கோயிலில் 1948 ஜூனில் தொடங்கிய புதன் நவநாளுக்கு இன்றும் கூட்டம் சாலையை அடைத்துக்கொள்ளும். நர்ஸ் பரீட்சைக்கு, விசாவுக்கு, கப்பல் வேலைக்கு என்று வேண்டிக்கொள்ள வருகிறவர்கள் அதில் பாதி இருப்பார்கள் என்று தோன்றும். அந்த மாதாவின் பெயரிலேயே டேலி சிட்டியில் ஏற்கெனவே ஒரு பங்கு இருந்தது தற்செயல்தான். ஆனால் பக்லாரனில் மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டு விமானம் ஏறிய ஒருத்திக்கு, இறங்கிய ஊரில் அதே படம் பீடத்துக்குப் பக்கத்தில் தொங்கினால் அதைத் தற்செயல் என்று சொல்ல மனசு வருமா?

அடுத்தது டிசம்பர். சிம்பாங் காபி என்பது கிறிஸ்துமஸுக்கு முந்தைய ஒன்பது நாள் பூசை. ஊரில் டிசம்பர் 16 முதல் 24 வரை விடியுமுன் நடக்கும், வயலுக்குப் போகிறவர்கள் அதற்கு முன்பே பூசை காண்பதற்காக ஏற்பட்ட நேரம் என்பார்கள். இங்கே வயல் ஏது, ஷிப்டுதான். பெரும்பாலான பங்குகளில் ஒருநாள் முன்கூட்டி 15ஆம் தேதி தொடங்கி மாலையில் வைக்கிறார்கள். ஒன்பது நாளும் விடாமல் வந்தால் நினைத்தது நடக்கும் என்று ஒரு நம்பிக்கை.

ஒரு வருஷம் கூட வேலை பார்த்த பிலிப்பினோ அக்கா ஒருவர் கூப்பிட்டுப் போயிருந்தேன். மாலை ஆறு மணிப் பூசை. கடல் பக்கமிருந்து மூடுபனி தெருவிளக்கு வரை இறங்கியிருந்தது. வாசல் முழுக்கப் பரோல், மூங்கிலும் காகிதமும் கொண்டு செய்த ஐந்து முனை நட்சத்திர விளக்குகள். சில பிளாஸ்டிக் குழல்விளக்கில் கண்ணைப் பறித்தன, ஒன்றிரண்டு பழைய ரகம், ஒட்டிய காகிதம் ஈரத்தில் சுருங்கியிருந்தது. உள்ளே கடைசி வரிசையில் ஆஸ்பத்திரி நீலச் சட்டைக்கு மேல் குளிர் ஜாக்கெட் போட்ட ஒரு பெண். நற்கருணை வாங்கியதும் கடைசி ஆசீருக்குக்கூட நிற்காமல் பக்கவாட்டுக் கதவு வழியாக மன்றத்துக்குப் போனார். நானும் பசியில் பின்னாலேயே போனேன். அங்கே ஒரு பாட்டி பெரிய பாத்திரத்தில் அரோஸ் கால்டோ கிண்டிக்கொண்டிருந்தார், இஞ்சியும் கோழியும் போட்ட அரிசிக்கஞ்சி. இவர் பாட்டியின் வலது கையை எடுத்துத் தன் நெற்றியில் வைத்தார். பெரியவர்களிடம் ஆசி வாங்கும் முறை அது. பாட்டி வாயைத் திறக்காமல் ஃபாயில் சுற்றிய ஒரு பொட்டலத்தை அவர் ஜாக்கெட் பைக்குள் திணித்து, போ போ என்று கையை ஆட்டினார். ஏழரை மணி ஷிப்டு. அவர் அந்தப் பாட்டிக்கு என்ன உறவு என்று அக்காவிடம் கேட்டேன். “உறவெல்லாம் இல்லை, போன வருஷம் பாட்டி ஆஸ்பத்திரியில் இருந்தபோது இந்தப் பெண்தான் நைட் டியூட்டி” என்றார்.

மேசையில் இன்னொன்றும் இருந்தது. ஊதா நிறப் பசையரிசி மாவைக் குழாயில் ஆவி காட்டி, மேலே வெண்ணெய், தேங்காய்த் துருவல், நாட்டுச் சர்க்கரை. பெயர் புட்டோ பும்போங். கேட்டதும் எனக்குக் குழாய்ப்புட்டு நினைவு வந்தது, இரண்டு தட்டு சாப்பிட்டேன்.

நான் சொன்ன அடுக்களை இதுதான். ஒன்பது இரவுக்கும் ஒன்பது பொறுப்பாளர்கள். ஒரு நாள் நர்ஸுகள், ஒரு நாள் ஏதோ ஒரு மாகாணத்துக்காரர்களின் சங்கம், ஒரு நாள் பாடகர் குழு, ஒரு நாள் பள்ளிப் பெற்றோர், ஒரு நாள் நாலைந்து குடும்பம் சேர்ந்து. எடுத்துக்கொண்டவர்கள் வாசகம் வாசிக்க, காணிக்கை எடுத்துவர, பாட, சமைக்க, பாத்திரம் கழுவ ஆள் பிடிக்க வேண்டும். தங்கள் இரவில் கூட்டம் குறைந்தால் மானம் போய்விடும். அதனால் சித்தப்பா மகன், பக்கத்து வீட்டுக்காரர், கூட வேலை பார்க்கிற தமிழன் வரை எல்லாரையும் கூப்பிடுவார்கள். சாமியார் ஒரு வார்த்தை சொல்லாமலே ஆள் சேர்கிறது. ஜனவரியில் குழந்தை இயேசு திருவிழா, மே மாதம் மாதாவுக்குப் பூ வைக்கும் பவனி, அக்டோபரில் வீடு வீடாகச் சுரூபம் போகும் ஜெபமாலை என்று வருஷம் முழுவதும் இதே ஏற்பாடு. சுரூபம் ஒரு வாரம் உங்கள் வீட்டில் தங்கினால் ஒரு நாள் தெருவையே கூப்பிட்டு ஜெபமாலை சொல்லி, பான்சிட் நூடுல்ஸும் லும்பியாவும் போட வேண்டும். கார் ஷெட்டில் மடக்கு நாற்காலி போட்டால் முப்பது பேர் உட்காரலாம். ஆங்கிலப் பூசைக்கு வந்து யாருடனும் பேசாமல் போகிற புதுக்குடும்பம் பங்கோடு ஒட்டிக்கொள்வது பெரும்பாலும் இந்த ஷெட்டில்தான்.

ஞானப்பெற்றோர் வழக்கமும் ஒரு பெரிய பசை. நம்மில் ஞானஸ்நானத்துக்கு ஒரு ஞானத்தகப்பன், ஒரு ஞானத்தாய் என்று நிறுத்திக்கொள்வோம். அவர்கள் நினோங், நினாங் என்று பத்துப் பேரைக்கூட நிறுத்துவார்கள், கல்யாணத்துக்கும் அப்படியே. சடங்குக்கு வந்து நின்றவர் அதோடு குடும்பத்தில் ஒருவர். குழந்தையின் அப்பாவும் ஞானத்தகப்பனும் அன்றிலிருந்து ஒருவருக்கொருவர் கும்பாரே. உறவினர்களை ஏழாயிரம் மைலுக்கு அப்பால் விட்டுவிட்டு வந்தவர்களுக்கு உறவை உண்டாக்கிக்கொள்ள இதைவிட நல்ல கருவி கிடையாது. இந்த உறவுகள் பதிவாகிற இடம் பங்கின் ஞானஸ்நானப் புத்தகம் என்பதால், வேறு ஊருக்குக் குடிபோனாலும் பிள்ளைக்குத் தண்ணீர் ஊற்ற டேலி சிட்டிக்கே வருகிறார்கள்.

எல்லாம் சுமுகமாக நடந்தது என்று நினைக்காதீர்கள். குழந்தைகள் சத்தம், மன்றத்தில் மீன் வாசனை, பூசை முடிந்து ஒரு மணி நேரமாகியும் காலியாகாத கார் நிறுத்துமிடம், மூலைக்கு மூலை சுரூபம் என்று பழைய பங்குமக்கள் முணுமுணுத்த கதை இந்தப் பக்கத்துப் பிலிப்பினோ குடும்பங்கள் பலவற்றிலும் உண்டு. எனக்குத் தெரிந்த ஒரு பங்கில் சண்டை வந்தது மன்றத்து அடுக்களைச் சாவிக்காக. சாவி பழைய சங்கத்துப் பெண்களிடம்தான் இருந்தது. ஒவ்வொரு நிகழ்ச்சிக்கும் இவர்கள் கேட்டு வாங்கி, மறுநாள் காலை திருப்பிக் கொடுத்து, அடுப்பில் எண்ணெய் இருந்தது என்று திட்டு வாங்க வேண்டும். ஆறேழு வருஷம் இப்படியே போனது. கடைசியில் அந்தச் சங்கத்திலேயே வயதானவர்கள் குறைந்துபோய், புதிதாக வந்த பங்குத்தந்தை சாவிக்கு மூன்று நகல் எடுத்து ஒன்றைப் பிலிப்பினோ பாட்டி ஒருவரிடம் கொடுத்தார். பங்குப் பேரவைத் தேர்தல், காணிக்கைக் கணக்கு எல்லாம் அப்புறம் வந்தவை. அந்தப் பங்கு யாருடையது என்பது சாவி கைமாறிய அன்றே முடிவாகிவிட்டது என்பது என் எண்ணம்.

சாமியார்களும் மாறினார்கள். அமெரிக்காவில் குருமாணவர்கள் குறைந்ததால் மறைமாவட்டங்கள் வெளிநாட்டுக் குருக்களை வரவழைக்கின்றன. பிலிப்பைன்ஸ், வியட்நாம், நைஜீரியா, நம் தமிழ்நாடு, கேரளம் எல்லா இடத்திலிருந்தும் போகிறார்கள். 2003 டிசம்பரில் ஆஸ்கர் சோலிஸ் அமெரிக்காவின் முதல் பிலிப்பினோ ஆயராக நியமிக்கப்பட்டார்.

கத்தோலிக்கர்களை மட்டும் பேசினால் பாதிக் கதைதான். டேலி சிட்டியில் இக்லேசியா நி கிறிஸ்டோவின் கோயிலும் உண்டு. 1914இல் மணிலாவில் ஃபெலிக்ஸ் மனாலோ தொடங்கிய சபை. மூவொரு கடவுள் கொள்கையை ஏற்காது, கிறிஸ்துமஸ் கொண்டாடாது. 1968 ஜூலையில் ஹவாயிலும் அடுத்த மாதம் சான் பிரான்சிஸ்கோவிலும் கிளை வைத்தது, நாட்டுக்கு வெளியே அதன் முதல் அடிகள் இவைதான். பிலிப்பைன்ஸ் மக்கள்தொகையில் 2020இல் அவர்கள் 2.6 சதவீதம், கத்தோலிக்கர் 78.8. ஆனால் இக்லேசியா வளரும் விதமே வேறு. வாரம் இரண்டு வழிபாடு, இரண்டுக்கும் வந்தாக வேண்டும். வாசலில் தன் பெயர் அட்டையைப் பலகையில் திருப்பி வைத்துவிட்டுத்தான் உள்ளே போவார்கள். திரும்பாத அட்டை யாருடையது என்று பார்த்து டீக்கன் வீட்டுக்கே வந்து விசாரிப்பார். ஊர் மாறினால் மாற்றல் கடிதத்தோடு போய்ப் புதிய இடத்தில் பதிய வேண்டும். வெளியே கல்யாணம் செய்தால் நீக்கம். ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம், அங்கி அணிந்த பாடகர் குழு, ஒரு நிமிஷம் பிசகாத நேரம். கத்தோலிக்கப் பங்கு மாமியார் வீடு மாதிரி, வந்தாலும் போனாலும் கதவு திறந்திருக்கும், பேச்சும் கேட்க வேண்டியிருக்கும். இக்லேசியாவில் யார் வந்தார், யார் வரவில்லை என்பது அன்றன்றைக்கே தெரிந்துவிடும். புது ஊரில் தனியாக வந்து இறங்கியவனுக்கு, தன்னைத் தேடி ஒருவர் வருகிறார் என்பதே எவ்வளவு பெரிய விஷயம் என்று நாம் குறைத்து எடைபோடக் கூடாது.

இரண்டுக்கும் நடுவே 1981இல் மணிலாவில் தொடங்கிய கிறிஸ்துவுக்கான தம்பதியர் அமைப்பு, 1984இல் மைக் வெலார்டே தொடங்கிய எல் ஷடாய் போன்ற கத்தோலிக்க எழுப்புதல் குழுக்களும், சின்னச் சின்னச் சுவிசேஷ சபைகளும் இருக்கின்றன. தம்பதியர் அமைப்பு வீட்டுக்கூட்டமாகவே பரவியது. சாமியாரைக் கவர்வதைவிடக் கணவன்மாரை வாசற்படிக்கு உள்ளே கொண்டுவருவதில் அவர்கள் கெட்டிக்காரர்கள்.

2020இல் இந்த ஊர்கள் பட்டது தனி. தேசிய செவிலியர் சங்கம் ஒன்று அந்த செப்டம்பரில் வெளியிட்ட கணக்கில், கொரோனாவில் இறந்த 213 நர்ஸுகளில் 67 பேர் பிலிப்பினோக்கள். நாட்டின் நர்ஸுகளில் அவர்கள் வெறும் 4 சதவீதம். கோயில் பூட்டிக் கிடந்ததால் இறந்தவருக்கு வழக்கமான ஒன்பது நாள் ஜெபத்தை ஜூமில் சொன்னார்கள். லைசென்ஸ் கூட்டிவந்த கூட்டம் என்று ஆரம்பத்தில் சொன்னேன். அதற்கு இப்படி ஒரு விலையும் இருந்தது.

இப்போது அந்தப் பெஞ்சுகள் மெல்ல வயதாகின்றன. டேலி சிட்டி வீட்டு விலை கைக்கெட்டாததால் பிள்ளைகள் வல்லேஹோ, யூனியன் சிட்டி, ட்ரேசி, ஸ்டாக்டன் என்று போய்விடுகிறார்கள். பியூ ஆய்வு மையத்தின் கணக்கின்படி அமெரிக்கப் பிலிப்பினோக்களில் கத்தோலிக்கர் 2012இல் 65 சதவீதம், 2023 அறிக்கையில் 57. நீங்கள் நிற்க இடமில்லாமல் பார்த்த பூசையில் நாற்பது வயதுக்குக் கீழே எத்தனை பேர் என்று அடுத்த முறை எண்ணிப் பாருங்கள்.

சரி, உங்கள் நாற்பது பேருக்கு வருகிறேன். நம்மவர்கள் பெரும்பாலும் வேலை விசாவில் கணவன், மனைவி, ஒரு குழந்தை என்று வந்தவர்கள். அம்மா அப்பா ஆறு மாத விசிட்டர் விசாவில் வந்து குளிர் ஆரம்பிக்குமுன் திரும்பிவிடுகிறார்கள். வார நாள் பூசைக்குப் பாட்டி கிடையாது. வீடும் நாற்பது மைலுக்கு ஒன்றாகச் சிதறிக் கிடக்கிறது. எனவே பிலிப்பினோ எண்ணிக்கையோடு ஒப்பிட்டு மனம் நோக வேண்டாம். மாதப் பூசைக்கு அறிவிப்பு அனுப்புவதை நிறுத்தி, ஒவ்வொரு மாதத்தையும் நாலு குடும்பத்திடம் சமையலோடு சேர்த்து ஒப்படைத்துப் பாருங்கள். வேளாங்கண்ணி மாதா திருவிழா செப்டம்பர் 8இல் இருக்கிறது, அதற்கு முந்தைய நவநாளுக்கு ஒன்பது நாள் தயாராகவே இருக்கிறது. பங்கு மன்றத்தைக் கேட்கும்போது அடுக்களைச் சாவி யாரிடம் இருக்கிறது என்று விசாரியுங்கள். உங்கள் ஊரில் அநேகமாக அது ஒரு பிலிப்பினோ பாட்டியிடம்தான் இருக்கும். போகும்போது கொஞ்சம் புட்டு எடுத்துக்கொண்டு போங்கள்.